கணவாய் ஏறுனா நிக்கிற காரு: ரெண்டு தடவ பாத்த கேஸ்

இது நம்ம ஷெட்டுக்கு வந்த ஒரு பெட்ரோல் காரோட கத. 2010 மாடல், 1.2 இன்ஜின், 1,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. திடீர்னு ஆஃப் ஆகும், உடனே ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிரும். வண்டி நிக்கிறத விட இந்த "கடைக்கு வந்தா நல்லாருக்கும்" வியாதி தான் மெக்கானிக்குக்கு எமன். மொத தடவ நானும் தப்பா தான் பாத்தேன், அதையும் மறைக்காம எழுதுறேன்.

நம்ம ஷெட்டு விராட்டிபத்து தாண்டி தேனி ரோட்டு மேலயே இருக்கு, அதனால உசிலம்பட்டி ஆண்டிபட்டி பக்கத்து வண்டியெல்லாம் நிறைய வரும். ஓனரு ரிட்டயர்டு வாத்தியாரு. ஊரு ஆண்டிபட்டி பக்கம், மக இங்க மதுரைல இருக்கு, பேரன் இங்க படிக்கிறான், அதனால வாரத்துக்கு ரெண்டு தடவயாச்சும் ஆண்டிபட்டி கணவாய் ஏறி எறங்குவாரு. ஏப்ரல் கடைசில ஒரு நாள் மத்தியானம் ரெண்டரை மணிக்கு போன். "தம்பி, வண்டி நின்னுபோச்சு, கணவாய்ல நிக்கிறேன், நிழலு கூட இல்ல"ன்னு. யாரோ ஒரு லாரி டிரைவர் நம்ம நம்பர குடுத்திருக்காரு.

போன்லயே நாலஞ்சு கேள்வி கேட்டேன், இத எந்த வண்டிக்கும் கேப்பேன். நிக்கிறதுக்கு முன்னாடி இழுக்காம திணறுச்சா, ஜெர்க் அடிச்சுச்சா, இல்ல லைட்டு சுவிட்ச அமத்துன மாதிரி டக்குனு நின்னுச்சா? "சுவிட்ச அமத்துன மாதிரி தான்". அப்போ பெட்ரோல் பத்தாம நிக்கிற கேஸ் இல்ல பெரும்பாலும், பம்பு சாகும்போது கொஞ்சம் இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு தான் சாகும், கரண்ட் கட்டானா தான் இப்படி ஒரே வெட்டு. செல்ஃப் சுத்துதா சார்? "நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆகல". சத்தம் வழக்கமா இருக்குறது தானா, இல்ல தடையே இல்லாம வீர்ர்ருனு வேகமா சுத்துதா? இத ஏன் கேக்குறேன்னா அப்படி லேசா சுத்துச்சுன்னா வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட்டுற டைமிங் பெல்ட்டு அறுந்திருக்கலாம், அந்த நேரத்துல செல்ஃப் அடிக்க அடிக்க சில இன்ஜின்ல வால்வு போய் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சு போகும், அதனால அந்த சத்தம்னா சாவிய தொடாதீங்கன்னு சொல்லிருவேன். அவரு "வழக்கமா இருக்குற சத்தம் தான் தம்பி"ன்னாரு. மீட்டர்ல சாவி படம் போட்ட லைட்டு மினுக்குதா? இல்ல. அப்போ இம்மொபிலைசர் (வேற சாவின்னா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டு பூட்டு) பிரச்சன இல்ல. சாவி போட்டதும் இன்ஜின் லைட்டு எரியுதா? எரியுது. அப்போ ஈசிஎம்முக்கு, அதாவது இன்ஜின நடத்துற கம்ப்யூட்டருக்கு, கரண்ட் போகுது.

நான் போன்லயே முக்காவாசி முடிவு பண்ணிட்டேன். அதான் மொத தப்பு, ஆனா அது அப்புறம்.

வாத்தியாரு வண்டி நின்னப்போ செஞ்சத பாராட்டணும். இன்ஜின் ஆஃப் ஆனதும் பதறி சாவிய உருவல, உருவியிருந்தா ஸ்டியரிங் லாக் ஆயிரும், வளைவுல கதை முடிஞ்சிரும். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும், திருப்ப முடியும் ஆனா பலமா திருப்பணும். பிரேக்கு பூஸ்டர்ல மிச்சம் இருக்குற வேக்கம்ல ரெண்டு மூணு அழுத்து தான் லேசா இருக்கும், அதுக்குள்ள தெளிவா ஒரே அழுத்தா அழுத்தி நிறுத்திரணும், பம்ப் பண்ணி பண்ணி அத காலி பண்ணிறக்கூடாது. இவரு ஓடுற வேகத்துலயே இடது பக்கம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயருக்கு கல்லு வச்சு, பார்க்கிங் லைட்ட போட்டு, வீட்டம்மாவ இறக்கி வேலிக்கு அங்கிட்டு உக்கார வச்சிருக்காரு. முப்பது வருசம் பிள்ளைகள மேய்ச்சவரு, நிதானம் இருக்கும்ல.

நான் பைக்ல போய் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. போனா, வண்டி ஸ்டார்ட்ல நிக்குது. "நீங்க வர்றதுக்கு பத்து நிமிசம் முன்னாடி ஆயிருச்சு தம்பி"ன்னு ஏதோ அவரு தப்பு பண்ண மாதிரி சொல்றாரு. கூட ஒரு பெரியவரு நின்னுக்கிட்டு "இது பெட்ரோல் லாக்கு, ஈரத்துணிய போட்டா எடுக்கும்"னு வைத்தியம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, அம்பாசடர் பத்மினி காலத்துல பம்பு இன்ஜின் மேலயே இருக்கும், வெயிலுக்கு பெட்ரோல் ஆவியாயி பம்பு இழுக்காது, ஈரத்துணி போட்டு தான் கணவாய் ஏறுவாங்க. இப்போ பம்பு டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி கெடக்கு, லைன்ல மூணு பார் பக்கம் பிரஷர் எப்பவும் நிக்குது, அதுல ஆவி பூட்டு விழுகுறது ரொம்ப அபூர்வம். இன்னொருத்தரு எத்தனால் கலந்த பெட்ரோல் தான் காரணம்னாரு. இப்போ எதுக்கெடுத்தாலும் அது மேல பழி போடுறது ஒரு ஃபேஷன் ஆயிருச்சு, அது ரப்பர் ஓஸ அரிக்குமா மைலேஜ குறைக்குமான்னு தனியா பேசலாம், ஆனா சுவிட்ச அமத்துன மாதிரி நிறுத்தாது.

ஷெட்டுக்கு கொண்டு வந்து உக்காந்ததும் வாத்தியாரு பையில இருந்து ஒரு நாப்பது பக்க நோட்ட எடுத்தாரு. அசந்துட்டேன். தேதி, மணி, இடம், வெயிலா மழையா, எத்தன நிமிசம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சுன்னு கட்டம் போட்டு எழுதி வச்சிருக்காரு. மொத்தம் அஞ்சு தடவ. கணவாய், மத்தியானம் ஒரு மணி. காளவாசல் பாலம் ஏறும்போது, பதினோரு மணி. திரும்ப கணவாய், ரெண்டரை. அப்புறம் ஒண்ணு காலைல 6:40, மழ, வீட்டு வாசல் சரிவுல ஏத்தும்போது, ரெண்டாவது தடவ சாவி போட்டதும் ஸ்டார்ட். அஞ்சாவது இன்னைக்கு நடந்தது. இதுக்கு நடுவுல வேற ரெண்டு எடத்துல காட்டி பேட்டரி மாத்தி, பிளக்கு மாத்தி, டேங்க்ல இருக்குற பம்பையும் மாத்தியிருக்காரு. பம்பு மட்டும் 6,500 ரூபா.

நான் அந்த நோட்டுல வெயில் கட்டத்த மட்டும் தான் படிச்சேன். அஞ்சுல நாலு வெயில் நேரம். அந்த காலைல 6:40 மழை நாள பாத்துட்டு "இது ஏதோ வேற காரணம், கிளட்ச சீக்கிரம் விட்டிருப்பாரு"ன்னு ஒதுக்கிட்டேன். நம்ம முடிவுக்கு ஒத்து வராதத ஒதுக்குறது எவ்வளவு சுளுவா இருக்கு பாருங்க.

ஈசிஎம்ம படிக்கிற ஸ்கேனர போட்டேன், ஒரு ஃபால்ட் கோடும் (ஈசிஎம் குறிச்சு வைக்கிற கோளாறு நம்பர்) இல்ல. புது பேட்டரி மாட்டும்போது டெர்மினல கழட்டியிருப்பாங்க, பழைய கோடு ஏதாச்சும் இருந்திருந்தாலும் அழிஞ்சிருக்கும். ஒரு மணி நேரம் ஏசிய போட்டு ஐடில்ல விட்டேன், ஃபேன் ஓடி ஓடி நின்னுச்சு, வண்டி நிக்கல. பேட்டரி 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4, அதுல குறை இல்ல. பெட்ரோல் பிரஷர் 3.2 பார், சாவிய ஆஃப் பண்ணி பத்து நிமிசம் கழிச்சும் பெருசா இறங்கல. எலி கடிச்சிருக்குமோன்னு பாத்தேன், வாத்தியாரு போனட்டுக்குள்ள புகையில கட்டி தொங்க விட்டிருந்தாரு, எங்கயும் கடி தடம் இல்ல. (புகையிலைக்கு எலி வராதுன்னு எல்லாரும் நம்புறாங்க, நம்ம ஷெட்டுக்கு வர்ற புகையில கட்டுன வண்டிலயும் எலிக்கூடு பாத்திருக்கேன். இந்த வண்டில இல்ல, அவ்வளவு தான்.)

மறுநாள் வாத்தியார கூட்டிக்கிட்டு அதே நேரத்துக்கு கணவாய்க்கே போனோம், ஸ்கேனர் மாட்டுனபடியே. ரெண்டு தடவ ஏறி இறங்குனதுக்கு ஒண்ணும் ஆகல, மூணாவது தடவ ஏத்தத்துல டப்புனு நின்னுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோசம், அவரு முகத்த பாத்து அடக்கிக்கிட்டேன். செல்ஃப் அடிச்சுக்கிட்டே ஸ்கேனர பாத்தா ஆர்பிஎம் (இன்ஜின் நிமிசத்துக்கு எத்தன சுத்து) 0. நல்ல வண்டில அந்த நேரத்துல 200, 250ன்னு காட்டணும். இன்ஜின் கண்ணு முன்னாடி சுத்துது, ஈசிஎம் மட்டும் "சுத்தவே இல்லையே"ங்குது.

இது ஏன் முக்கியம்னா, இன்ஜின் எந்த நிலையில இருக்கு எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஈசிஎம்முக்கு சொல்றது கிராங்க் சென்சார் தான். ஃப்ளைவீல் பக்கம் ஒரு பல்சக்கரம் இருக்கும், நிறைய வண்டில 60 பல்லுக்கு எடம், அதுல 2 பல்ல வேணும்னே எடுத்துருவாங்க, மிச்சம் 58. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த ரெண்டு பல்லு ஓட்டை வர்றத வச்சு தான் மொத பிஸ்டன் எங்க இருக்குன்னு கணக்கு. இந்த வண்டில இருக்குறது ரெண்டு வயர் சென்சார், உள்ள ஒரு காந்தமும் சுருளும், பல்லு கடந்து போகும்போது அதுவே ஏசி வோல்ட் உண்டாக்கும். அந்த சிக்னல் இல்லன்னா ஈசிஎம் பெட்ரோல தெளிக்கிற இன்ஜெக்டரையும் அடிக்காது, ஸ்பார்க் குடுக்குற காயிலையும் அடிக்காது, சாவி போட்டதும் ரெண்டு செகண்டு ஓடுற பெட்ரோல் பம்பையும் அதுக்கு மேல ஓட விடாது. மூணும் ஒரே நேரத்துல சாகும். அதனால தான் ஸ்பார்க் இல்லன்னு காயில மாத்துறவங்களும், பம்பு ஓடலைன்னு பம்பு மாத்துறவங்களும் அவங்கவங்க பாத்த வரைக்கும் சரியா தான் பாத்திருக்காங்க, ஆனா மூணுக்கும் தலைக்கு மேல ஒருத்தன் இருக்கான்ங்கறத விட்டுட்டாங்க. கோடு ஏன் விழலன்னா, சிக்னலே இல்லாதப்போ இன்ஜின் நின்னுருச்சா இல்ல சென்சார் செத்துருச்சான்னு பழைய ஈசிஎம் பலதுக்கு பிரிச்சு பாக்க தெரியாது. வால்வு பக்கத்த பாக்குற கேம் சென்சார் சுத்துதுங்குது கிராங்க் இல்லங்குதுன்னா தான் பி0335ங்கற கிராங்க் சென்சார் கோட போடும், அதுவும் கொஞ்ச நேரம் செல்ஃப் அடிச்சா தான்.

சரி, ஆர்பிஎம் 0. சூடானா சுருள் உள்ள விட்டுப்போகும், ஆறுனா சேந்துக்கும், இது கிராங்க் சென்சார் வழக்கமா பண்ற வேல தான். போனட்ட தூக்கி, தண்ணி பாட்டில் மூடில ஓட்ட போட்டு, சென்சார் மேல மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனேன். புகை வெளிய போற சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல பட்டா விரிசல் விடலாம், அதனால கைய உள்ள விட்டு குறுக்க வந்த வயர ஒரு பக்கமா ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு தான் ஊத்துனேன். ரெண்டு நிமிசம். சாவி போட்டதும் ஒரே அடில ஸ்டார்ட். வாத்தியாரு கைதட்டாத குறை. நானும் பெரிய டாக்டர் மாதிரி "சென்சார் தான் சார்"னேன்.

அந்த "வயர ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு"ங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

புது சென்சார் 1,450, கூலி 500. மாட்டிட்டு ரெண்டு தடவ கணவாய் ஏத்தி பாத்தேன், ஓகே. அனுப்பிட்டேன்.

பதினோராவது நாள் போன். "தம்பி, பழைய எடத்துக்கே வந்துட்டேன்". திட்டல. திட்டியிருந்தா கூட பரவால்ல. "இனிமே நான் ரயில்லயே போய்க்கிறேன்பா"ன்னாரு. 2022ல தேனிக்கு திரும்ப ரயில் விட்டதுல இருந்து அவரு வீட்டம்மா அதையே தான் சொல்லிக்கிட்டு இருக்காங்களாம். வண்டி திரும்பவும் அரை மணி நேரத்துல ஸ்டார்ட் ஆகி அவரே ஓட்டிக்கிட்டு ஷெட்டுக்கு வந்து சாவிய மேசை மேல வச்சுட்டு பஸ் ஏறி மக வீட்டுக்கு போயிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, காலைல மொத வேலையா கழட்டிப் போட்ட பழைய சென்சார தேடி எடுத்தேன். டீ போடுற அடுப்புல ஒரு சட்டில தண்ணிய வச்சு, வயர் சொருகுற கப்ளர் பக்கம் நனையாம சென்சார மட்டும் முக்கி, மல்டிமீட்டர மாட்டிட்டு உக்காந்தேன். சாதா சூட்டுல 860 ஓம். தண்ணி சூடாக ஆக ஏறுது, 900, 960, கொதிக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி 1,050 கிட்ட வந்து நின்னுச்சு. இத பாத்து சில பேரு "ஏறுதுல்ல, அதான் கோளாறு"ம்பாங்க. இல்ல, செம்பு கம்பிக்கு ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.4 சதவீதம் தடை ஏறும், 60 டிகிரி சூடு கூடுனா கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியா ஏறணும், கணக்கு சரியா தான் இருக்கு. விட்டுப்போற சென்சாருன்னா மீட்டர்ல ஓப்பன்னு, அதாவது கம்பி அறுந்து கெடக்குன்னு காட்டணும். கால் மணி நேரம் கொதிக்க விட்டேன், ஸ்பேனரால தட்டி பாத்தேன், அசையல. நல்ல சென்சார கழட்டி எறிஞ்சிருக்கேன். சிக்னல் வரலைன்னு கண்டுபிடிச்சது சரி, சிக்னல் வரலைன்னா சென்சார் தான் போச்சுன்னு தாவுனது தான் தப்பு, நடுவுல ஒண்ணரை மீட்டர் வயர் இருக்கேங்கறத நான் நினைக்கவே இல்ல.

அப்புறம் தான் அந்த நோட்ட வாங்கி திரும்ப படிச்சேன். இந்த தடவ இடம்ங்கற கட்டத்த. கணவாய் ஏத்தம். பாலம் ஏத்தம். கணவாய் ஏத்தம். வாசல் சரிவு ஏத்தம். கணவாய் ஏத்தம். ஒரு எறக்கம் கூட இல்ல, தட்டையான ரோட்டுல ஒண்ணு கூட இல்ல, இத்தனைக்கும் செக்கானூரணி கருமாத்தூர் பக்கமெல்லாம் அதே வெயில்ல அதே சூட்டுல 70, 80ல வந்துக்கிட்டு தான் இருக்காரு. அந்த காலைல 6:40 மழை நாள் தான் எல்லாத்துக்கும் சாட்சி, அத போய் ஒதுக்கி வச்சிருக்கேன். வாத்தியாரு பரிட்ச பேப்பர் மாதிரி விடைய எழுதியே குடுத்திருக்காரு, நான் தான் ஃபெயிலு.

ஏத்தத்துல என்ன நடக்கும்? ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் ஒரு பக்கமா சாயும், மௌன்டிங் ரப்பர் அத தாங்கும். நம்ம ஷெட்டு பையன உள்ள உக்கார வச்சு, ஹேண்ட் பிரேக்க போட்டு மிதி பிரேக்கையும் அழுத்திக்கிட்டு கிளட்ச லேசா விட சொன்னேன், நான் பக்கவாட்டுல நின்னு பாத்தேன். (நேர முன்னாடி நிக்காதீங்க, பையன் கால் வழுக்குனா நம்ம காலி.) இன்ஜின் மூணு விரக்கட தூக்கி சாயுது. ஒரு பக்க மௌன்டிங் ரப்பர் கிழிஞ்சு தொங்குது. சரி, இன்ஜின் சாய்ஞ்சா ஏதோ ஒரு வயர் இழுபடுது, ஆனா அத நிரூபிக்கணும், இன்னொரு தடவ "தான் சார்"னு சொல்லி அசிங்கப்பட முடியாது.

இந்த வண்டில ஈசிஎம் உள்ள டேஷ்போர்டுக்கு கீழ இடது பக்கம் இருக்கு. அது பெரிய வசதி, போனட்டுக்குள்ள எதையும் தொடாம அளக்கலாம். ஈசிஎம் கப்ளரோட பின்பக்கமா கிராங்க் சென்சார் வயர் ரெண்டுலயும் மெல்லிசு ஊசிய சொருகி, அதுல இருந்து வயர இழுத்து மல்டிமீட்டர்ல மாட்டி, ஏசி வோல்ட்ல வச்சு பையன் மடியில குடுத்துட்டேன். ஐடில்ல 2.8 காட்டுச்சு. வேகம் கூட கூட அதுவும் கூடும்.

கணவாய்க்கு போனோம். மொத ஏத்தம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஏத்தத்துல வேணும்னே ரெண்டாவது கியர்ல போட்டு நல்லா மிதிச்சேன், பையன் படிச்சுக்கிட்டே வர்றான், "எட்டு ஏழு... ஒம்போது... ஒம்போது ஒண்ணு... அண்ணே சைபர்ணே!" அவன் சொல்லி முடிக்கல, வண்டி செத்துருச்சு. நான் கிளட்ச அழுத்தல, கியர்லயே உருளுது, அதாவது சக்கரம் இன்ஜின சுத்த வச்சுக்கிட்டு தான் இருக்கு, ஆனா மீட்டர்ல சைபர். இத விட வேற சாட்சி வேணாம். இன்ஜின் சுத்துறப்பவே சிக்னல் அறுந்துருச்சு.

ஒதுக்கி நிறுத்துனதும் பையன் பழக்க தோசத்துல போனட்டு லீவர இழுக்க போனான், ஒரு அதட்டு போட்டேன். சாவிய ஆஃப் பண்ணி, ஈசிஎம் கப்ளர கழட்டி (அத கழட்டாம ஓம் பாத்தா ஈசிஎம் உள்ளாற இருக்குற தடையும் சேந்து தப்பா காட்டும்), மீட்டர ஓம்ல வச்சு பாத்தா ஓப்பன். சாவடிச்சாலும் ஓப்பன். இப்போ தான் போனட்டு, அதுவும் மெதுவா, கம்பி வைக்கிறது கூட பூனை மாதிரி. பையன் உள்ள மீட்டர பாத்துக்கிட்டே இருக்கணும், நான் ஒத்த விரல வச்சு வயர அங்கங்க தொட்டுக்கிட்டே வரணும். சென்சார் கப்ளர்ல தொட்டேன், "ஓப்பன்". கியர்பாக்ஸ் மேல வளையிற எடத்துல தொட்டேன், "ஓப்பன்". பேட்டரி தட்டுக்கு கீழ, கட்டு உள்ள போற எடத்துல லேசா தூக்குனேன், "ஆயிரத்து நாப்பதுண்ணே!". விட்டேன், "ஓப்பன்". தூக்குனேன், "ஆயிரத்து நாப்பது". ஒரு பத்து தடவ பண்ணேன், சும்மா சந்தோசத்துக்கே அஞ்சு தடவ.

அந்த எடத்துல தான் மொத தடவ தண்ணி ஊத்துறப்போ நான் வயர ஒதுக்கிப் பிடிச்சேன். தண்ணி ஸ்டார்ட் பண்ணல, என் கை தான் ஸ்டார்ட் பண்ணிருக்கு. சென்சார் மாத்தும்போதும் அந்த வயர தான் அசைச்சேன், அதனால பதினோரு நாள் ஓடிருக்கு. இதுக்கு முன்னாடி பேட்டரி மாத்துனவங்களும் அந்த தட்டுக்கு கீழ அசைச்சிருப்பாங்க, அவங்களுக்கும் கொஞ்ச நாள் ஓடிருக்கும்.

ஷெட்டுக்கு வந்து டேப்ப பிரிச்சேன். மேல ரப்பர் தோலு முழுசா இருக்கு, வெட்டும் இல்ல உரசலும் இல்ல, கண்ணால பாத்தா சத்தியமா தெரியாது. ரெண்டு கையிலயும் பிடிச்சு இழுத்து பாத்தா ஒரு எடத்துல மட்டும் ரப்பர் பேண்டு மாதிரி நீளுது, மத்த எடமெல்லாம் விறைப்பா நிக்குது. நீளுதுன்னா உள்ள கம்பி இல்லன்னு அர்த்தம். பிளேடால தோல சீவுனேன். உள்ள கம்பி பச்சையா பூத்துப்போய், இழை எல்லாம் அறுந்து, ரெண்டு முனையும் மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்கிட்டு நிக்குது. இன்ஜின் சாஞ்சா பிரியும், நிமிந்தா முட்டும். சூட்டுல தோலும் இளகும் மௌன்டிங் ரப்பரும் இளகும், அதனால வெயில்ல சுளுவா பிரியும், சீக்கிரம் ஒட்டாது, ஆறி தோலு சுருங்குனா தான் முட்டும், அதான் அந்த அரை மணி நேரம். காலைல குளிர்ல சரிவுல பிரிஞ்சது உடனே ஒட்டிருச்சு. நோட்டுல இருந்த அஞ்சு வரியும் இப்போ கணக்குல உக்காந்துருச்சு.

ஏன் இழுபட்டுச்சுன்னும் பாக்கணும்ல. வாத்தியாருகிட்ட கேட்டா எட்டு மாசம் முன்னாடி வேற எடத்துல கிளட்ச் பிளேட்டு மாத்துனேன்னாரு. கியர்பாக்ஸ எறக்குனா இந்த வயர் கட்ட கிளிப்புல இருந்து கழட்டி தான் எறக்கணும். திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப்பு உடைஞ்சிருக்கு, கட்ட பேட்டரி தட்டுக்கு மேல வர்றதுக்கு பதிலா அடில விட்டுட்டாங்க, அதுல ஒரு ரெண்டு இஞ்சு நீளம் கொறஞ்சு வயர் வீணை கம்பி மாதிரி டைட்டா நின்னிருக்கு. மௌன்டிங் நல்லா இருந்தவரைக்கும் தாங்கிருக்கும், அதுவும் கிழிஞ்சதும் ஒவ்வொரு ஏத்தத்துக்கும் ஒரு இழை போயிருக்கும்.

வேலைன்னு பாத்தா அரை நாள். இந்த வயர் சும்மா வயர் இல்ல, மேல வலை சுத்துன ஷீல்டு வயர், ஏன்னா சிக்னல் சின்னது, பக்கத்துல காயில் வயரோட எரைச்சல் அதுல ஏறக்கூடாது. அதனால சாதா வயர நடுவுல ஒட்டாம ஷீல்டு வயரே வாங்கி, ரெண்டு ஜாயிண்டையும் ஒரே எடத்துல வராம முன்ன பின்ன தள்ளி, ஈயம் வச்சு, சுருங்குற ஸ்லீவ் போட்டேன். ஷீல்ட ஒரு பக்கம் மட்டும், ஈசிஎம் பக்கமா வர்ற எர்த்தோட தான் சேக்கணும், இந்த பக்கம் பாடில முறுக்கி விட்டா எரைச்சல் கூட தான் செய்யும். ரெண்டு வயரையும் மாத்தி குடுத்துராதீங்க, இந்த மாதிரி சென்சார்ல பிளஸ் மைனஸ் மாறுனா அலை தலைகீழா போயி ஈசிஎம் பல்ல தப்பா எண்ணும், ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும், டைமிங் தள்ளும், அப்புறம் புதுசா ஒரு வியாதிய தேடி அலையணும். கட்ட பழைய வழில மேல எடுத்து, கிளிப்பு வாங்கி மாட்டி, இன்ஜின் எவ்வளவு சாய்ஞ்சாலும் மிச்சம் இருக்குற மாதிரி ஒரு வளையம் விட்டேன். மௌன்டிங் புதுசு 2,100.

காசு விசயம். மௌன்டிங்குக்கும் வயருக்கும் மட்டும் வாங்குனேன், கூலி வாங்கல, மொத தடவ வாங்குன 500 கூலியையும் கழிச்சுட்டேன். சென்சார் காசையும் திருப்பி தர்றேன்னேன், "புதுசு தானே மாட்டிருக்க, இருக்கட்டும்"னு அவரு வாங்கல. பம்பு மாத்துன எடத்துல போயி கேக்கவான்னு ஒரு வார்த்த கேட்டாரு, கேக்கலாம் சார் ஆனா நானும் அதே கூட்டத்துல தான் நின்னேன்னு சொன்னேன்.

ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி அதே மீட்டர மாட்டிக்கிட்டு கணவாய் எட்டு தடவ ஏறி இறங்குனோம், கடைசி தடவ வாத்தியாரே ஓட்டுனாரு, பையன் மடியில மீட்டர வச்சுக்கிட்டு ஒம்போது ஒம்போதுன்னு கத்திக்கிட்டே வந்தான். இப்போ நாலு மாசம் ஆச்சு. நோட்டுல ஆறாவது வரி அந்த பதினோராவது நாள் நின்னத நான் கேட்டு எழுதுனது, ஏழாவது வரி இன்னும் காலியா தான் கெடக்காம். அந்த பழைய சென்சார் நம்ம கடை டப்பால இருக்கு, மேல மார்க்கர்ல "நல்லது, 860"னு எழுதி வச்சிருக்கேன்.